அங்காயம்மாள் நினைவாக ஒரு கடல் நத்தை

1. பேனர் வந்த நாள்

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போதே பேனர் வந்துவிட்டது. பதினாறு அடி நீளம். இடது பக்கம் எங்கள் கல்லூரித் தாளாளரின் அம்மா அங்காயம்மாள், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தியோடு. வலது பக்கம் ஒரு கடல் நத்தை. இருவரும் ஒரே அளவு. நடுவில் மஞ்சள் எழுத்தில் ‘உலகுக்கு எம் கல்லூரி தந்த புதிய உயிரினம்’. கீழே மூலையில், விலங்கியல் துறைத் தலைவர் என்று என் பாஸ்போர்ட் போட்டோ. அதில் நான் யாரையோ திட்டப்போகிற மாதிரி இருப்பேன். நேரிலும் அப்படித்தான் இருப்பேன்.

அந்த நத்தை புதிய உயிரினம் இல்லை. பேனரைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. சொன்னால் என் துறையை மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால் செத்துப்போன ஒரு பெரிய மனுஷியின் பெயரை வைத்து ஊர் சிரிக்கும். இந்த இக்கட்டில் எப்படி மாட்டினேன் என்பதைத்தான் விலங்கியல் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் இது வராது.

2. நாமக்கல்லில் எதற்குக் கடல் நத்தை

இருபத்தாறு வருடம் நாமக்கல் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தேன். ஊரில் தடுக்கி விழுந்தால் கோழிப்பண்ணை, எழுந்தால் லாரிப் பட்டறை. இங்கே உட்கார்ந்துகொண்டு கடல் நத்தையா என்று கேட்காத ஆள் இல்லை. என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். வருடம் ஒரு முறை மாணவர்களை மண்டபம் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போவது பாடத்திட்டத்தில் இருந்தது. அப்படிப் போன முதல் வருடமே இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஓடில்லாத கடல் நத்தையைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் பட்டுச்சேலைக்கு நிறம் தேடுகிறவர்கள் அதைப் பார்த்தால் கடையை விட்டு ஓடிவந்துவிடுவார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில், கல்லுக்கு அடியில், பாசிக்கு நடுவில் கிடக்கும். தலையில் இரண்டு மோப்பக் கொம்பு. செவுள் சிலதுக்கு முதுகில் பூ மாதிரி, சிலதுக்குப் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும். கொம்பின் வடிவம், செவுளின் இடம், முதுகுத் தோலின் ஓரம், இந்த மூன்றையும் சரியாகப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஆயுசு போதாது.

முதல் வருடம் நீலமும் மஞ்சளுமாக ஒன்று கிடைத்தது. பார்த்த சந்தோஷத்தில் அங்கேயே ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன். ஊருக்கு வந்து திறந்தால் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி சுருண்டு கிடந்தது. நிறமும் இல்லை, கொம்பும் இல்லை. உயிரோடு இருக்கும்போது சரியாகப் பார்க்காமல் செத்த பிறகு அடையாளம் தேடினால் இதுதான் கதி என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு நத்தையை உயிரோடு ஊருக்குக் கொண்டுவந்து, சாவகாசமாகப் பார்த்து, எப்சம் உப்புக் கரைசலில் மயக்கி, அப்புறம்தான் பாட்டிலில் போடுவது என்று ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். அந்த முறையில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

உயிரோடு கொண்டுவர நான் கண்டுபிடித்த சாதனம், கோழி வேக்சின் பெட்டி. தெர்மகோல் பெட்டி, உள்ளே ஐஸ் பேக். எங்கள் ஊரில் எந்தப் பண்ணையில் கேட்டாலும் நாலு கொடுப்பார்கள். கோழிக்கு மருந்து வருகிற பெட்டியில் கடலே வரும். வேறு ஊர்க்காரர்களுக்கு இது தோன்றாது என்று மற்ற கல்லூரி ஆசிரியர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

3. ஒரே டப்பாவில் நாலு உயிர்

பேனர் வந்த அந்த வருடம் துறையில் சேர்ந்தவர்கள் பதினொரு பேர். டூர் கிளம்புவதற்கு முந்தைய வாரம் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோழிப்பண்ணையில் தொடங்கிக் கல்லூரி கட்டியவர். சுற்றிவளைக்கத் தெரியாது.

“ஏனுங்க டீச்சர், பதினொரு பேத்துக்கு நாலு வாத்தியாருங்க. ரூமு நாலு. அந்த ரூமுல ஏஐ கோர்ஸ் ஆரம்பிச்சா இடம் பத்தாதுங்கறாங்க. இந்த வருசத்தோட நிறுத்திக்கலாமுங்களா?”

நான் என்ன சொல்ல? “டூர் போய்ட்டு வந்து பேசலாமுங்க” என்றேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் சில வருடம்தான். ஆனால் ரேவதி இருந்தாள். என்னோடு வேலை பார்த்தவள், முனைவர் பட்டம் வாங்கியவள், குமாரபாளையத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவள் வீட்டில் தறி ஓட்டிப் படிக்கவைத்தார்கள். துறை போனால் அவளுக்கு வேறு கல்லூரி கிடைக்காது. எங்கேயும் விலங்கியலைத்தான் முதலில் மூடுகிறார்கள்.

மண்டபத்தில் சேகரிப்பதற்கு அனுமதிக் கடிதம் வாங்கியிருந்தோம். தண்ணீர் வற்றியிருந்த காலை நேரம். நான் ஆழத்துக்குப் போகிற பையன்களைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேவதி ஒரு கல்லைப் புரட்டி, அடியில் பழுப்பாக ஏதோ ஒன்று இருப்பதைப் பார்த்து, கலங்கல் தண்ணீரோடு ஸ்பூனில் அள்ளினாள். டப்பா தீர்ந்துவிட்டது. நாலு டப்பாவை நான்தான் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

“இதுக்குள்ளயே போடு. ஊருக்குப் போறவரைக்கும் ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

அந்த டப்பாவுக்குள் ஏற்கெனவே இரண்டு குட்டி நண்டும் ஒரு நட்சத்திர மீனும் இருந்தன. மூடி போட்டு, வேக்சின் பெட்டியில் வைத்து, பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளினோம். அங்கிருந்து நாமக்கல் வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று பஸ் ஓட்டிய செல்லமுத்துவுக்குத்தான் தெரியும். ஒன்றுக்குக்கூட அவர் பிரேக் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

4. அம்மணமாக வந்த விருந்தாளி

லேபில் திறந்தோம். டப்பாவில் வெளிறிய, வழவழப்பான ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. கொம்பு சுருட்டிய வெற்றிலை மாதிரி. செவுள் வலது பக்கம் வெட்டவெளியில் ஆடிக்கொண்டிருந்தது. முதுகை மூடுகிற தோல், நாங்கள் போர்வை என்போம், அது இல்லவே இல்லை. டப்பாவின் அடியில் பழுப்பு நிறத்தில் மூன்று தட்டையான சமாச்சாரங்கள் லேசாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன.

நான் அதிகம் யோசிக்கவில்லை. அந்த மூன்றையும் தனிச் சீசாவில் போட்டு, ‘தட்டைப்புழு, இனம் தெரியவில்லை, 3’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு ஷெல்ஃபில் வைத்தேன். நத்தையைப் படம் எடுத்து, மயக்கிப் பதப்படுத்தி, தட்டில் போட்டுப் புத்தகங்களை எடுத்தோம். ஒரு வாரம் தேடினோம். பக்கவாட்டில் செவுள் உள்ள எந்த நத்தைக்கும் முதுகில் போர்வை இருக்கிறது. இதற்கு இல்லை.

ரேவதி ஒரு முறை சொன்னாள். “மேடம், புடிச்சப்ப கொஞ்சம் பெருசா இருந்த மாதிரி ஞாபகம். நிறமும் கருப்பா இருந்துச்சு.”

“தண்ணிக்குள்ள எல்லாமே பெருசாத்தான் தெரியும். பிளஸ் டூ பிசிக்ஸ்ல சொல்லித்தரலையா?” என்று அவள் வாயை அடைத்தேன். பேசவிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சென்னையில் கடல் நத்தைகளை நன்கு அறிந்த பேராசிரியர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். ‘எனக்குத் தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை. கடலில் உயிரோடு எடுத்த படம் இருந்தால் அனுப்பவும்’ என்று பதில் வந்தது. இரண்டாவது வரியை நான் படித்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. முதல் வரி எங்கள் முதல்வரின் காதுக்குப் போனது. அங்கிருந்து தாளாளருக்குப் போகும்போது ‘புதுசு’ என்று ஆகிவிட்டது.

மறுநாளே தாளாளர் லேபுக்கு வந்தார். நான் வேலை பார்த்த அத்தனை வருடத்தில் அவர் அந்த வாசப்படியை மிதித்தது அன்றுதான். தட்டில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார்.

“இதாங்களா?”

“ஆமாங்க.”

“எங்கம்மா பேரு வெக்கலாமுங்களா? அங்காயம்மாள்னு.”

“புதுசுன்னு உறுதியாச்சுன்னா வெக்கலாமுங்க. லத்தீன்ல கடைசியில ஒரு வாலு சேரும்.”

“வாலு சேந்தா சேரட்டும். பேரு நிக்குமில்லீங்க.” தட்டின் ஓரத்தை விரலால் தொட்டார். “எங்கம்மா நூறு கோழியில ஆரம்பிச்சாங்க. நான் படிக்கோணும்னு முட்டைக் கூடையைத் தலையில வெச்சுட்டுச் சந்தைக்கு நடந்தாங்க. அவங்க பேரு எங்கயும் எழுதலை. பள்ளிக்கூடம் போகாதவங்க பேரு புஸ்தகத்துல வர்றதுன்னா லேசுங்களா?” என்றவர் சுற்றிலும் பார்த்தார். “அம்மா பேரு இருக்கற எடத்தை எப்படிங்க மூடறது? ஏஐக்கு வேற ரூமு பாத்துக்கறேன்.”

ரேவதி என் பின்னால் நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

வாசல் வரை போனவர் திரும்பினார். “ஏனுங்க, புடிச்சப்பவும் இப்படியேதான் இருந்துச்சுங்களா?”

“ஆமாங்க,” என்றேன். நான் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஆமாங்க என்றேன்.

5. செல்லமுத்துவின் போன்

பேனரைக் கட்ட வந்தவர் பஸ் ஓட்டிய செல்லமுத்து. ஏணியில் நின்றபடி நத்தைப் படத்தையே பார்த்தார்.

“டீச்சருங்க, இதெதுக்கு இப்படித் துணியை உருவிப்போட்டுப் படம் புடிச்சிருக்கீங்க?”

“என்ன துணி?”

அவர் இறங்கி வந்து போனை நீட்டினார். ரேவதி கல்லைப் புரட்டியபோது இவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். கலக்குவதற்கு முன்னால் தெளிந்த தண்ணீரில் ஒரு படம் எடுத்து, ‘கடலம்மா சுட்ட முறுகல் தோசை’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். படத்தில் நத்தை கரும்பழுப்புப் போர்வையோடு அகலமாக, மரியாதையாக உட்கார்ந்திருந்தது. போர்வையில் மூன்றாகப் பிரிகிற கோடுகள்கூடத் தெரிந்தன.

லேபுக்கு ஓடி, என் கையெழுத்துப் போட்ட தட்டைப்புழுச் சீசாவை எடுத்தேன். மூன்று துண்டையும் தட்டில் கொட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்து, நத்தைக்கு மேல் மூடினேன். கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு தேடவேண்டியிருக்கவில்லை, அரை மணி நேரத்தில் புத்தகத்தில் கிடைத்துவிட்டது. பெர்தெல்லா வகை. தொந்தரவு தாங்காவிட்டால் போர்வையைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பிக்கும். பிறகு மறுபடி வளர்த்துக்கொள்ளும். வெப்பக் கடலோரங்களில் வெகுநாளாகத் தெரிந்த பிராணி.

இரண்டு நண்டோடு ஒரு டப்பாவில் அடைத்து, நாமக்கல் வரை குலுக்கிக்கொண்டு வந்தால் நானும்தான் கழற்றிப் போடுவேன். அந்த ஜீவன் எங்களிடமிருந்து உயிர் தப்பப் பார்த்திருக்கிறது. நான் அதில் ஒரு புது நத்தையும் மூன்று புதுப் புழுவும் கண்டுபிடித்திருக்கிறேன். என் இருபத்து சொச்சம் வருட அனுபவத்தை எந்தக் கிணற்றில் போடுவது என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலேயே ஓடிவந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த ரேவதி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “மேடம், இது மூணு பேருக்குத்தான் தெரியும். செல்லமுத்து அண்ணன் சொன்னா கேட்டுக்குவாரு. விழா முடியட்டும். அப்புறமா சந்தேகம் வந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்.”

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டோவை அழிக்கச் சொன்னால் செல்லமுத்து அழித்துவிடுவார், அவ்வளவுதான் வேலை. ஆனால் சென்னைக்காரர் விடமாட்டார். இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம் பிடித்துவிடுவார். அப்போது சிரிக்கிறவர்கள் என் பெயரைச் சொல்லிச் சிரிக்க மாட்டார்கள். முட்டைக் கூடை தூக்கிய அந்த அம்மா பெயரைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

“தாளாளர்கிட்டச் சொல்லிடப் போறேன். நீயும் வாரியா?” என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பிவிட்டாள். ஆனால் மறுநாள் காலையில் வந்தாள்.

6. பண்ணையில்

காலை ஏழு மணிக்குத் தாளாளர் எப்போதும் பண்ணையில்தான் இருப்பார். முட்டை போட்டு ஓய்ந்த கோழிகளைக் கூண்டுகூண்டாகக் கேரளா லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரே சத்தம், ஒரே இறகு. நான் நத்தையையும் மூன்று துண்டையும் ஒரே தட்டில் வைத்து, மேலே செல்லமுத்துவின் போட்டோவைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா மறந்தது, நண்டோடு போட்டது, ரேவதி சொல்லியும் கேட்காதது, ஒன்றும் விடவில்லை. அதுவரை யாரிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்ட பழக்கம் எனக்கு இல்லை.

அவர் போட்டோவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

“நான் அன்னைக்கே கேட்டனுங்களே. புடிச்சப்ப இப்படித்தான் இருந்துச்சான்னு.”

“கேட்டீங்க.”

“ஆமான்னீங்க.”

“நான் பாக்கலைங்க. பாக்காமலே சொன்னேன்.”

அவர் லாரியைக் காட்டினார். “இங்க ஏத்தறப்ப ஒரு கோழி, அங்க எறக்கறப்ப வேற கோழிங்க. பாதி றெக்கை ரோட்டுல போயிரும். எறக்கறவன் போன் போட்டு, என்னங்க இது, நீங்க சொன்ன ரகமே இல்லையேம்பான். நான் கோழியைக் குத்தம் சொல்ல மாட்டேன். எத்தன மணிக்குக் கெளம்புச்சு, எந்த ரோட்டுல வந்துச்சு, கூண்டுக்கு எத்தன அடைச்சேன்னு கேப்பேன். கோழிக்காரனுக்கே தெரியுது. நீங்க இத்தன படிச்சிருக்கீங்க.”

தட்டிலிருந்த துண்டுகளைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டேன். வாழ்க்கையில் அபூர்வமாகத்தான் எனக்கு அப்படி ஆகும்.

“மறைச்சிருந்தா விழாவும் நடந்திருக்கும், துறையும் நின்னிருக்கும். ஏன் வந்து சொன்னீங்க?”

நேர்மை, அது இது என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். “மெட்ராஸ்காரரு கண்டுபுடிச்சிருவாருங்க. அப்ப உங்கம்மா பேரை வெச்சு நாலு பேரு சிரிப்பாங்க. அது எனக்குப் பொறுக்காதுங்க.”

அவர் லாரிப் பக்கம் திரும்பிக் கூண்டுகளை எண்ணத் தொடங்கினார். அப்போது ரேவதி சொன்னாள். “ஐயா, துறையை மூடறதுன்னா மூடிக்கங்க. ஆனா அடுத்த டூருக்கு ஒரு தடவ மட்டும் விடுங்க. இதை ஒழுங்காப் பாத்துட்டு வந்துடறோம்.”

“மூடறதைப் பத்தி நான் இப்பப் பேசினனா?” என்று அவர் எரிந்து விழுந்தார். பிறகு குரல் இறங்கியது. “ரெண்டு வருசம் பாக்கறேன் சாமி. இனி எதைக் கொண்டாந்தாலும், கெடந்த எடத்துலயே படம் புடிச்சுட்டுத்தான் ஏத்தோணும். ஒரு டப்பாவுக்கு ஒண்ணுதான்.”

“சரிங்க ஐயா.”

“அந்தப் புழுப் பாட்டில்ல டீச்சர் கையெழுத்துப் போட்ட லேபிள் இருக்குதில்ல, அதைக் கிழிக்கக்கூடாது. வர்ற பசங்க பாக்கட்டும்.”

அந்தத் தண்டனையை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். லேபிள்மேல் கண்ணாடி டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கிழிக்க முடியாதபடி.

விழா நிற்கவில்லை. நானூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது. அதை அங்காயம்மாள் நினைவு நாள் சாப்பாடாக மாற்றிவிட்டார். பேனரில் நத்தை இருந்த இடத்தில் ஒரு பெரிய ரோஜாப்பூவை ஒட்டினார்கள். என் போட்டோவின் மேல் எதுவும் ஒட்டவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நான் அந்த அம்மாவுக்கு என்ன உறவு என்று விசாரித்தார்கள்.

7. அளவுகோல்

அடுத்த வருட டூருக்கு முன்னால் தாளாளர் ஒரு பார்சல் அனுப்பினார். தண்ணீருக்குள் படம் எடுக்கிற சின்னக் கேமரா, ஐம்பது டப்பா, கூடவே ஒரு எவர்சில்வர் அளவுகோல். படத்தில் நத்தைக்குப் பக்கத்தில் வைக்க அளவுகோல் வேண்டும் என்று ரேவதி அவரிடம் கேட்டிருக்கிறாள். கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சம் வர இடமில்லாமல் உபயதாரர் பெயர் எழுதுகிற ஊர் இது. சென்டிமீட்டர் கோடுகள் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தன. மற்ற இடமெல்லாம் ‘அங்காயம்மாள் நினைவாக’ என்று ஆழமாக வெட்டியிருந்தது.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இதை வைத்து எடுத்த படத்தை எவனாவது மதிப்பானா என்று கத்தினேன். வேறு அளவுகோல் எடுத்துப்போக மறந்துவிட்டதால் அதையே பயன்படுத்தினோம். பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. மண்டபத்தின் ஆழமில்லாத தண்ணீரில் அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த அத்தனை கடல் நத்தைகளின் பக்கத்திலும் அந்த அம்மா இருக்கிறார்கள். பச்சை இலை மாதிரி இருந்தது, புள்ளி வைத்தது, ஊதா ஓரம் போட்டது, எல்லாவற்றோடும். துறையும் இன்னும் ஓடுகிறது, நொண்டிக்கொண்டுதான். இப்போது ரேவதி தலைவர். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதே பெர்தெல்லா வகையில் இன்னொன்றை மறுவருடமே அதே கல்லடியில் பார்த்தோம். தொடவில்லை. போர்வையோடு, கிடந்த இடத்திலேயே, அளவுகோலை வைத்துப் படம் எடுத்துச் சென்னைப் பேராசிரியருக்கு அனுப்பினேன், போன வருடம் செய்த கூத்தையும் எழுதி. பிள்ளைகளே, ஒரு உயிரை என்ன என்று கேட்பதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். நான் கற்றது இவ்வளவுதான், அதையும் ஒரு கோழிக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார்.

பேராசிரியரின் பதில் அன்று மாலையே வந்தது. ‘படம் மிகத் தெளிவு. பெர்தெல்லாதான், சந்தேகமில்லை. ஒன்று மட்டும் புரியவில்லை. அங்காயம்மாள் யார்?’

நான் எழுதினேன்: ‘பிடித்தபோது எப்படி இருந்தது என்று முதலில் கேட்டவருடைய அம்மா.’